வீடு எங்கே என்று பார்

மனிதன் வானத்தை வசப்படுத்திய நெடிய வரலாற்றில், ஜார்ஜ்டவுன் சந்து அங்காளம்மன் கோயில் திருப்பணிக் குழுவின் ஏழாவது கூட்டம் அழியாத இடத்தைப் பெறும் என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதச் சொன்னவர், அரசு கொடுத்த டத்தோ பட்டத்தைப் பெயருக்கு முன்னால் சுமக்கும் குழுத் தலைவர் டத்தோ முனுசாமி. கூட்டத்தில் இருந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும், தீர்மானம் நிறைவேறுவதற்குள், எழுந்து போய்விட்டார்கள்.

தீர்மானம் இதுதான். குடமுழுக்கு நாளில், கலசத்தின் மேல் புனித நீர் விழும் அதே நொடியில், வானத்திலிருந்து பூமாரி பொழிய வேண்டும்.

"எங்கியோ ஒரு கோயில்ல ஹெலிகாப்டர் வச்சுப் போட்டாங்களாம்" என்றார் டத்தோ. "நமக்கு அது தேவையில்ல. ட்ரோன் போதும். விமான இலாகா கடுதாசி, போலீஸ் கடுதாசி எல்லாம் என் பொறுப்பு. மிஷின தேர்ந்தெடுக்கறது, செட் பண்றது, ஓட்டறது, அதுக்குத்தான் நம்ம இஞ்சினியர் இருக்காரே."

எல்லோரும் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு தலையை லேசாக அசைத்தார். 

அய்யாக்கண்ணு இஞ்சினியர் இல்லை. பாயான் பாருவை ஒட்டிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் டெக்னீஷியன். கடைசி ஒன்பது வருடம், விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, சரியான சர்க்யூட் பலகைக்குப் பச்சை ஸ்டிக்கர், தவறானதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். இருபது வருடத்துக்கு முன்னால் கோயில் நோட்டீஸ் ஒன்றில் யாரோ அவர் பெயருக்கு முன்னால் 'இஞ்சினியர்' என்று போட்டுவிட்டார்கள். அவர் திருத்தவில்லை. திருத்தாமல் இருப்பது பொய் சொன்னதாகாது என்பது அவர் கட்சி. இப்போது தொழிற்சாலையில் அவர் நாற்காலியில் ஒரு கேமரா இருக்கிறது. அதுவே ஸ்டிக்கர் ஒட்டுகிறது. உலகத்தில் அவரை இஞ்சினியர் என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே இடம் அந்தச் சந்துக் கோயில்தான்.

அதற்கு மேல் ஒன்று இருந்தது. பூமாரியைப் பொழிகிறவருக்கே முதல் பரிவட்டம் என்று டத்தோ அறிவித்தார். தலையில் பட்டுத் துணி கட்டி, மாலை போட்டு, மனைவி பூரணகும்பத்தோடு பக்கத்தில் நிற்க, சன்னிதிக்கு முதல் ஆளாகப் போகலாம். அய்யாக்கண்ணுவின் மனைவி ருக்குமணி முப்பது வருடமாக அந்தக் கோயிலின் பின்கட்டில் வெள்ளரிக்காய் நறுக்கியவள். கும்பம் எடுத்து முன்னால் நின்றவர்கள் எப்போதும் வேறு யாராவதுதான். அன்று மாலையே லிட்டில் இந்தியாவுக்குப் போய்க் குங்குமக் கலரில் ஒரு புடவை எடுத்து வந்து, பீரோவில் வைக்காமல் கட்டில் மேலேயே வைத்துக்கொண்டாள்.

நிபந்தனை ஒன்று உண்டு. கையில் காப்புக் கட்டிய நாளிலிருந்து இருபத்தொரு நாள் சுத்த சைவம். தவறினால் காப்பை அறுத்துவிடுவார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஒருமுறை அறுத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கி போடும் கிஷன், காப்புக் கட்டிய கையோடு நெத்திலி மீன் சம்பல் வைத்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டதை ஒருவர் பார்த்துவிட்டார். கிஷனின் மைக்கையே கையில் வாங்கி, தூய்மை என்றால் என்ன என்று நாற்பது நிமிடம் பேசி, பிறகு எல்லோர் முன்னாலும் காப்பை வெட்டினார் அந்த ஒருவர். கத்தரிக்கோலை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். அந்த ஒருவர் அய்யாக்கண்ணு.

*

கொம்தார் கட்டடத்தின் பக்கத்தில் இருந்த ட்ரோன் கடையில் லோகேஸ்வரன் என்ற முப்பது வயதுக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"அங்கிள், நீங்க பிகினரா, இண்டர்மீடியட்டா?"

பிகினர் என்று சொல்ல வாய் வரவில்லை. "இண்டர்மீடியட்."

"இதுக்கு முன்னாடி என்ன பறக்க விட்டிருக்கீங்க?"

காகிதப் பட்டம் என்பதுதான் உண்மை. "பல மாடல்" என்றார் அய்யாக்கண்ணு.

"அப்ப இந்தச் சின்னது வேணாம். எடை கம்மி, காத்தடிச்சா ஜெலுத்தோங்ல விட்டது கடலத் தாண்டி பட்டர்வொர்த்ல போய் எறங்கும். அந்தப் பெருசு சினிமாக்காரங்களுக்கு. நடுவுல உள்ளத எடுங்க லா. முன்னாடி, பின்னாடி, கீழ, எல்லா எடத்துலயும் கண்ணு இருக்கு பாருங்க. இந்தக் கறுப்பு வட்டம். எதிர்ல சொவரு வந்தா தானா நின்னுரும். பேட்டரி எறங்கிருச்சுன்னா, சிக்னல் போச்சுன்னா, தானா வீட்டுக்கு வந்துரும்."

"வீட்டுக்குன்னா, பாயான் பாருக்கா?"

லோகேஸ்வரன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "கெளம்புன எடத்துக்கு அங்கிள். அதத்தான் ஹோம்னு சொல்றது."

"தெரியும். ஒனக்குத் தெரியுமான்னு பாத்தேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எத்தன கிலோ பூ தூக்கும்? எங்க டத்தோ அஞ்சு கிலோ சொல்றாரு."

"அஞ்சு கிலோன்னா தோட்டத்துல மருந்து அடிக்கிற மிஷின் வாங்கணும். இது கால் கிலோ. அடியில ஒரு கொக்கி தனியா தர்றேன், ரிமோட்ல அமுக்குனா தொறக்கும். ஆனா பாரம் ஏத்துனா பேட்டரி பாதி நேரம்தான் நிக்கும். அத மறந்துறாதீங்க."

கால் கிலோ மல்லிகை இதழ் ஒரு சின்னத் துணிப்பைக்குள் அடங்கிவிடும். டத்தோ நோட்டீஸில் 'மலர் மழை' என்று அச்சடித்து முடித்திருந்தார்.

பாயான் பாரு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அன்று மாலை அய்யாக்கண்ணு பெட்டியைப் பிரித்தார். நான்கு விசிறி, இரண்டில் வெள்ளைக் கோடு, இரண்டில் இல்லை. கோடு உள்ளதை ட்ரோனின் கோடு உள்ள கையில்தான் மாட்ட வேண்டும். அவர் அழகுக்காக இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு என்று மாட்டினார். முடுக்கியதும் ட்ரோன் எழும்பாமல் மல்லாந்து, எண்ணெயில் விழுந்த கரப்பான்போல் காலை உதைத்துக்கொண்டது. மாற்றி மாட்டினார். அடுத்தது திசைகாட்டியைச் சரிசெய்வது. கையில் ட்ரோனை ஏந்தி ஒருமுறை தன்னைத்தானே சுற்ற வேண்டும். செங்குத்தாகப் பிடித்து இன்னொருமுறை சுற்ற வேண்டும். எதிர்வீட்டு ரோஹானா துணி காயப்போட வந்தவள், அவர் கையில் மஞ்சள் கயிறும் சுற்றுகிற சுற்றும் பார்த்து, ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து மரியாதையாக உள்ளே போய்விட்டாள்.

பிறகு ரிமோட்டின் திரை முழுக்கச் சிவந்தது. விமான நிலையம் அருகில் உள்ளது. இங்கே பறக்க அனுமதி இல்லை. படித்து முடிக்கும்போது தலைக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு ஒரு விமானம் தாழ்ந்து போனது.

"அவ்ளோ பெரிய ஏரோபிளேன் போவுது, இந்தத் தும்பி போவாதா?" என்றாள் வேடிக்கை பார்க்க இறங்கி வந்த ருக்குமணி.

"அதனாலதான் போவாது."

"கட்டட வேலைக்குச் சாரம் கட்டி, கோயில்லயும் எடமில்ல. அப்ப எங்க பழகுவீங்க?"

"டவுன்ல எடம் பாக்கறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அன்று முழுக்க உண்மையாக இருந்தது.

*

கோயிலிலிருந்து மூன்று தெரு தள்ளி ஷேக் அலாவுதீனின் நாசி கண்டார் கடை, சோற்றின் மேல் பல குழம்பை ஊற்றித் தரும் சாப்பாட்டுக் கடை. கடைக்குப் பின்னால் லாரி திரும்புகிற அளவுக்குக் காலி இடம். தகரக் கூரைக்குக் கீழே ஐந்து முதல் எட்டு வரை நம்பர் போட்ட நான்கு மேசை, ஓரத்தில் அண்டா கழுவுகிற சிமெண்டு மேடை. ஷேக் அலாவுதீன் முப்பது வருடப் பழக்கம். "ஒங்க எடம்னு நெனச்சுக்குங்க அண்ணே. காலைல பத்து மணிக்கு வந்தா லாரி இருக்காது" என்றார்.

பத்து மணி என்பது அந்தக் கடையில் மோசமான நேரம். அடுப்பிலிருந்து குழம்புச் சட்டிகள் வரிசையாக முன்னால் வரும் நேரம். ஆட்டுக்கறி, கணவாய், மீன் முட்டை, தலைக்கறி. எண்ணெய் மிதக்க, சோம்பும் பட்டையும் கருவேப்பிலையும் ஒரே ஆவியாக எழுந்து பின்பக்கம் வரை வந்து நிற்கும். அய்யாக்கண்ணுவுக்கு அது விரதத்தின் மூன்றாம் நாள். வீட்டில் காலையில் வெங்காயம் போடாத உப்புமா.

முதல் நாள் ட்ரோன் ஏழு நிமிடம் பறந்தது. அவர் சட்டை நனைந்துவிட்டது. ஹைக்கல், அந்தக் கடையில் பதினைந்து வருடமாகச் சோறு போடுகிறவர், தே தாரே என்ற நுரைத் தேநீர் ஒன்று கொண்டு வந்து வைத்தார்.

"சோறு போடவா சார்?"

"வெறும் சோறு. மேல குழம்பு மட்டும் கொஞ்சம்."

நாசி கண்டாரில் குழம்பு மட்டும் என்றால், எல்லாச் சட்டியிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி. அய்யாக்கண்ணு யோசித்தார். குழம்பு ஒரு திரவம். திரவத்துக்கு உயிர் கிடையாது. தொழிற்சாலையில் எந்தப் பாகமும் சொன்ன அளவிலேயே வந்துவிடுவதில்லை. ஒரு நூல் கூடலாம், ஒரு நூல் குறையலாம், அந்த எல்லைக்குள் இருந்தால் பச்சை ஸ்டிக்கர். அதற்கு டாலரன்ஸ் என்று பெயர். அவர் தட்டுக்கு மனதுக்குள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

ஆறாம் நாள் கணவாய். கணவாய்க்கு எலும்பு இல்லை, பச்சை. எட்டாம் நாள் மீன் முட்டை. அது இன்னும் மீனாகவே ஆகவில்லை, பச்சை. ஒன்பதாம் நாள் ஆட்டுக்கறி. அன்று சிவப்பு ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்.

ஷேக் அலாவுதீன் ஒருநாள் அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "கைல கயிறு கட்டியிருக்கே அண்ணே. கோயில்ல வெரதம் இல்லியா?"

"இது வேற கயிறு பாய்."

ஷேக் அலாவுதீன் கல்லாவுக்குத் திரும்பினார்.  அய்யாக்கண்ணு அந்தப் பொய்யையும் கறியோடு சேர்த்து விழுங்கினார்.

ஒரு வாரத்தில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. விசிறிச் சத்தம் கேட்டதும் ஹைக்கல் தட்டை எடுப்பார். ட்ரோன் இறங்கி, பேட்டரியைக் கழற்றி, அவர் கை கழுவி வருவதற்குள் ஆறாம் நம்பர் மேசையில் தட்டு இருக்கும். இதே நேரத்துக்கு ஹைக்கல் கோழித் தோலையும் குடலையும் பின்னால் வீசுவார். எங்கிருந்தோ செம்பருந்துகள் வரும். வெள்ளைத் தலை, செங்கல் நிற இறக்கை. அதில் ஒன்றுக்கு இடது இறக்கையில் ஒரு சிறகு இல்லை. அது மற்றவற்றைவிடக் கெட்டி. ட்ரோன் சத்தம் கேட்டாலே கோழித் தோல் வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, எழும்பும்போதே கூட எழும்பி வட்டமடிக்கும். ஒருநாள் விசிறியில் உரசப் பார்த்தது. அய்யாக்கண்ணுவுக்கு உயிர் போய் வந்தது.

தொல்லை ஒன்று மிச்சமிருந்தது. 'வீடு திரும்பு' என்று அமுக்கினால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்கு இரண்டு அடி தள்ளி இறங்கும். இரண்டு அடி தள்ளி சாக்கடை. இரண்டு முறை விழுந்துவிட்டது. லோகேஸ்வரனுக்குப் போன் போட்டார்.

"அப்ப அந்த ஹோம்ங்கற எடத்த மேப்புல கையால வச்சு லாக் பண்ணிருங்க அங்கிள். எங்கேந்து கெளம்புனாலும் அங்கதான் வரும். ஆனா எடம் மாறுனா மறக்காம மாத்தணும்."

வரைபடத்தை விரல்களால் பெரிதாக்கி, சிமெண்டு மேடையின் நடுவில், ஆறாம் நம்பர் மேசைக்கு ஒரு எட்டு இந்தப்பக்கம், அய்யாக்கண்ணு வீட்டைப் பூட்டினார். அதன்பின் ட்ரோன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அன்றிரவே பன்னிரண்டு வரியில் ஒரு சோதனைப் பட்டியல் எழுதி, லேமினேட் பண்ணி, கழுத்தில் மாட்டக் கயிறு போட்டார். ஏழாவது வரி: வீடு எங்கே என்று பார்.

பதினெட்டாம் நாள், துவைக்க எடுத்த சட்டையை ருக்குமணி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இது என்ன வாசன?"

"பேட்டரி. சூடானா அப்பிடித்தான் வரும்."

"பேட்டரில சோம்பு போடறாங்களா?"

அவர் ட்ரோனின் கண்களைப் பஞ்சால் துடைத்தார். அவளும் சண்டைக்கு வரவில்லை. சட்டையை வாளியில் போட்டாள்.

"கிஷன் பொண்டாட்டி அன்னிக்குக் கூட்டத்துல நின்னுச்சுங்க. ஒங்களுக்குத் தெரியாது. கைல புள்ள வேற. நீங்க மைக்ல பேசுன நேரம் பூரா, அது மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னு தெரியாம நின்னுச்சு." தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். "என்னைய அப்பிடி நிக்க வச்சிறாதீங்க. நான் வெள்ளரிக்காயே நறுக்கிட்டுப் போறேன்."

அடுத்த நாள் கடைப் பக்கம் போகக்கூடாது என்று அய்யாக்கண்ணு உறுதி எடுத்தார். ஆனால் பழகாமல் விட முடியாதே. போனார். பத்தொன்பது, இருபது, இரண்டு நாளும் வெறும் தே மட்டும் குடிப்பது என்று தீர்மானித்துத்தான் போனார். தட்டு முன்பே மேசையில் இருந்தது. சோற்றை வீணாக்குவது பாவம்.

*

குடமுழுக்கு அன்று வானம் வெள்ளைத் தகரமாகக் காய்ந்தது. மலைப் பக்கமிருந்து காற்று. முகூர்த்தம் பத்து மணிக்கு. சந்து கொள்ளாமல் ஜனம்; கைத்தொலைபேசிகளைத் தூக்கிப் பிடித்த கைகள். குங்குமக் கலர் புடவையில் ருக்குமணி பூரணகும்பத்தை ஏந்தி முதல் வரிசையில் நின்றாள். 

கோயில் வாசலில் கோலத்தின் மேல் ட்ரோன். அடியில் மல்லிகைப் பை. அய்யாக்கண்ணு பட்டியலைக் கையில் எடுத்தார். ஒன்று, பேட்டரி. இரண்டு, விசிறி. மூன்று, கேமரா மூடி. நான்கு, ஐந்து. ஆறாவது வரி, திசைகாட்டி, விரலை வைத்தார்.

"நிறுத்துங்க" என்றார் டத்தோ முனுசாமி. "பூச போடாம வண்டி எடுக்கலாமா?"

ஒரு தாம்பாளம் வந்தது. சந்தனம், குங்குமம், நான்கு எலுமிச்சம்பழம். டத்தோ குனிந்தார். பொட்டு வைக்க நல்ல வட்டமான இடமாகத் தேடினார். ட்ரோனின் நெற்றியில் இரண்டு கறுப்பு வட்டம் இருந்தது. ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பின்பக்கம் இரண்டு. தூக்கச் சொல்லி, அடிப்பக்கமும் இரண்டு.

அய்யாக்கண்ணு வாயைத் திறந்தார். அவை கண்கள், மூடக்கூடாது என்று சொல்ல வேண்டும். மைக் டத்தோவின் சட்டையில் மாட்டியிருந்தது. பொட்டு வைக்காதீர்கள் என்று காப்புக் கட்டியவன் சொல்வது ஒலிபெருக்கியில் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"ஏதும் சொல்லணுமா இஞ்சினியர்?"

"இல்ல டத்தோ. நல்லா இருக்கு."

"அப்ப எடுங்க. நேரமாச்சு."

ட்ரோனின் காலடியில் டத்தோ வைத்த எலுமிச்சம்பழங்களை அய்யாக்கண்ணு ஒதுக்கினார். பட்டியலைப் பார்த்தார். எதில் விட்டோம்? விரல் இருந்த இடத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது. எட்டாவது வரி, பூப்பைக் கொக்கி. சரி. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

ட்ரோன் எழும்பியது. ஜனம் மொத்தமாக நிமிர்ந்தது. விமானக் கலசத்தின் உயரத்துக்குப் போய் முன்னால் நகர்த்தினார், நகரவில்லை. திரை கத்தத் தொடங்கியது. எதிரே தடை. பின்னால் தள்ளினார். பின்னாலும் தடை. சந்தனத்தைப் பார்த்த ட்ரோன், உலகத்தின் எல்லாப் பக்கமும் சுவர் என்று முடிவு கட்டி, கலசத்துக்கு இருபது அடி முன்னால் அந்தரத்தில் நின்றுவிட்டது. காற்று அதைத் தள்ளியது. அது தள்ளாடி எதிர்த்து நின்றது. பேட்டரி அறுபது. ஐம்பத்திரண்டு. நாற்பத்தைந்து.

"என்ன நிக்குது?" டத்தோவின் கேள்வி ஒலிபெருக்கியில் கேட்டது.

"நிதானம் டத்தோ."

சாரத்தின் மேல் குருக்கள் குடத்தைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெண் கையை நீட்டிக் கத்தினாள். "கருடன். கருடன் வந்திருச்சு."

வெள்ளைத் தலை, செங்கல் நிற இறக்கை. கோபுரத்துக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமடித்தது. ஆயிரம் கைகள் தலைக்கு மேல் குவிந்தன. குடமுழுக்கில் கருடன் தெரிந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். டத்தோவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே பேசினார். கூட்டத்தில் அழாமல் நிமிர்ந்து பார்த்தவர் அய்யாக்கண்ணு ஒருவர்தான். அந்தப் பறவையின் இடது இறக்கையில் ஒரு சிறகு இல்லை.

குடம் கவிழ்ந்தது. பக்தர்கள் மேல் தீர்த்தம் தெளிக்க டத்தோ ஏற்பாடு செய்திருந்த மோட்டார் பம்பு முடுக்கப்பட்டது. ரப்பர்க் குழாயிலிருந்து புனித நீர் குடையாக விரிந்து எல்லோர் மேலும் விழுந்தது. அய்யாக்கண்ணுவின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. ரிமோட்டின் திரையில் விழுந்தது.

பேட்டரி குறைவு என்றது ரிமோட்டிலிருந்து ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக. வீடு திரும்புகிறேன். வேண்டாம் என்றால் பத்து நொடிக்குள் தொடவும்.

எந்த வீடு? அப்போதுதான் ஏழாவது வரி ஞாபகம் வந்தது.  வேண்டாம் என்ற கட்டத்தைத் தொட்டார். ஈரத் திரை கேட்கவில்லை. வேட்டியில் துடைத்தார், வேட்டியும் ஈரம். நான்கு. மூன்று. மறுபடி தொட்டார், பூப்பையின் படம் ஒருமுறை சிமிட்டியது, கேமரா சிமிட்டியது, வேண்டாம் மட்டும் சிமிட்டவில்லை.

ட்ரோன் இன்னும் அறுபது அடி மேலே ஏறியது. வீடு திரும்பும்போது அதற்குக் கண் தேவைப்படவில்லை. கூரைகளுக்கு மேலே ஏறி நேராகப் போகும்படி அவரே முன்பு அமைத்து வைத்திருந்தார். மூக்கைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, மல்லிகைப் பையோடு, ஓட்டுக் கூரைகளின் மேல் கிளம்பியது. செம்பருந்து வட்டத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் போனது.

"கருடன் வழி காட்டறாரு" என்று டத்தோ மைக்கில் முழங்கினார். "அம்மன் பூவ எங்கியோ கொண்டு போகச் சொல்றா. பின்னாடி வாங்க."

"வேணாம் டத்தோ, நான் மட்டும் மோட்டார்ல போய்…" அய்யாக்கண்ணுவின் குரல் நாதஸ்வரத்தில் முங்கிப்போனது. டத்தோ அவர் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். ருக்குமணி கும்பத்தோடு வந்தாள். மேளக்காரர்கள் வந்தார்கள். நூறு நூற்றைம்பது பேர் வந்தார்கள். கிஷன் மோட்டாரில் சின்ன ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு ஓரமாக உருட்டி வந்தார். முதல் தெரு திரும்பியது. இரண்டாவது தெரு. ஒவ்வொரு முனையிலும், ட்ரோன் வேறு பக்கம் போயிருக்கக்கூடும் என்று அய்யாக்கண்ணு நம்பினார். ஒவ்வொரு முனையிலும் அது அவர் அமைத்தபடியே போயிருந்தது. மூன்றாவது தெருவில் சோம்பும் பட்டையும் மணத்தது.

"ஏங்க" என்றாள் ருக்குமணி மெதுவாக. "இது பேட்டரி வாசனங்க."

அவர் நடையைக் கூட்டினார்.

ட்ரோன் சிமெண்டு மேடையின் நடுவில், ஒரு அங்குலம் தவறாமல் இறங்கியிருந்தது. இறங்கிய அதிர்ச்சியில் கொக்கி திறந்து, விசிறிக் காற்றில் கால் கிலோ மல்லிகையும் மேலே எழும்பி, ஆறாம் நம்பர் மேசையின் மேல் பொழிந்திருந்தது. தகரக் கூரையில் செம்பருந்து உட்கார்ந்து கோழித் தோலுக்காகக் காத்திருந்தது. மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

மேசையில், பூவுக்கு நடுவே, ஆவி பறக்க ஒரு தட்டு.

ஷேக் அலாவுதீன் கல்லாவிலிருந்து வேகமாக வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், அய்யாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். "வாங்க டத்தோ, வாங்க. இது என் தட்டு. நான்தான் சாப்பிட உக்காந்தேன்."

ஹைக்கல் கையில் தே தாரேவோடு பின்னாலேயே வந்தார். அவருக்கு நாள் நட்சத்திரம் தெரியாது. "இல்ல பாய், இது இஞ்சினியர் சார் தட்டு. சத்தம் கேட்டுச்சு, போட்டேன்." அய்யாக்கண்ணுவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "சார், இன்னிக்கு மிஷின் மொதல்ல வந்திருச்சு, நீங்க லேட்டு. குழம்பு நல்லா பஞ்சிரா, வெள்ளமா ஊத்தியிருக்கேன், டெய்லி கேக்கற மாதிரி."

டத்தோவின் சட்டை மைக்கும் கிஷனின் ஒலிபெருக்கியும் திறந்தே இருந்தன. 'டெய்லி கேக்கற மாதிரி' தெருமுனை வரை போய்ச் சேர்ந்தது. கிஷன் அவசரமாகக் குனிந்து ஒலிபெருக்கியை அணைத்தார். டத்தோ அய்யாக்கண்ணுவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.  எல்லோரும் கிஷனைப் பார்த்தார்கள். இடுப்பில் அவர் எப்போதும் சொருகியிருக்கும் கம்பி வெட்டும் கத்தரியைப் பார்த்தார்கள். கிஷன் அதைத் தொடவில்லை. தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹைக்கலிடம் மட்டும் ஒன்று கேட்டார்.

"நெத்திலி இருக்காண்ணே?"

"இருக்கு, ஆனா சாருக்குப் போடறதில்ல. பல்லுல மாட்டிக்கும்னு சொல்வாரு."

ருக்குமணி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். பூரணகும்பத்தைத் தட்டுக்கு எதிரே வைத்தாள். புடவைத் தலைப்பால் நாற்காலியின் ஈரத்தைத் துடைத்து, இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. ஆறிடப் போவுது."

அய்யாக்கண்ணு உட்கார்ந்தார். தட்டில் ஆட்டுக்கறி இரண்டு துண்டும் ஒரு கணவாயும் பாதி மீன் முட்டையும் இருந்தன. நெத்திலி இல்லை.